கப்பாளதுர்க்கா எதை நிறுவுகிறது? சார்னோக்கைட்டின் தோற்றம் குறித்து

பல்லாவரத்துச் சார்னோக்கைட்டை 1900-இல் தாமஸ் ஹாலண்ட் தீப்பாறையாக வகைப்படுத்தியதை மறுப்போர் பெரும்பாலும் ஒரே சான்றிடத்தில் வந்து நிற்கிறார்கள்: கர்நாடகத்தின் கப்பாளதுர்க்கா. நைஸ் சார்னோக்கைட்டாக மாறும் நிலையை 1960-இல் பிச்சமுத்து அங்கே விவரித்தார். அதைக் கொண்டு, தென்னிந்தியச் சார்னோக்கைட் முழுவதுமே உருமாறிய பாறை என்று ஒரு சாரார் முடிவு கட்டினர். அந்தச் சான்று இத்தனை பெரிய முடிவைத் தாங்காது.

கல் குவாரியில் தெரிவதில் ஐயமில்லை. பயோட்டைட்டும் ஹார்ன்பிளண்டும் கொண்ட சாம்பல்நிற நைஸில், வெடிப்புகளையும் நறுக்கு வலயங்களையும் ஒட்டி, எண்ணெய்ப் பளபளப்புள்ள கரும்பச்சைத் திட்டுகள் கிடக்கின்றன. நைஸின் பட்டைகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி மறைகின்றன. பயோட்டைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஆர்த்தோபைராக்சீனும் பொட்டாசிய ஃபெல்ஸ்பாரும் உண்டாக, நீர் வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த பாய்மம் வெடிப்பு வழியே ஏறி இவ்வினையைத் தூண்டியது என்ற விளக்கம் இவ்விடத்துக்குப் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

ஆனால் திட்டுகளில் மணிகள் பருத்திருப்பதும் பட்டைகள் அழிந்திருப்பதும் வேறொன்றையும் சுட்டக்கூடும். பயோட்டைட் சிதையும் வெப்பநிலையில் பாறை ஓரளவு உருகவும் செய்யும். அப்போது ஆர்த்தோபைராக்சீன் உருகலின் துணைவிளைவாகவே தோன்றும். திடநிலையிலேயே எல்லாம் நடந்தது என்று இத்திட்டுகளைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.

இதைவிட முக்கியமானது அளவு. கப்பாளதுர்க்காவில் மாற்றம் வெடிப்பின் அருகிலேயே நின்றுவிடுகிறது. சற்று விலகினால் பழைய நைஸ் அப்படியே இருக்கிறது. நீலகிரியும் சேர்வராயனும் மலைத்தொகுதியாகவே சார்னோக்கைட். அவ்வளவு பாறையையும் பாய்மம் ஊடுருவி உலர்த்தியது என்பதற்கு, குவாரித் திட்டுகளின் அளவிலான சான்று போதாது. மறுபுறம், நீர் குறைந்த கற்குழம்பிலிருந்து ஆர்த்தோபைராக்சீன் நேராகவே படிகமாகும். அண்டார்க்டிகாவின் மாசன் கரையிலும் நார்வேயின் ரோகலாந்திலும் உள்ள சார்னோக்கைட்டுகள் ஊடுருவிய தீப்பாறைகளே.

மலைத்தொகுதிகளில் உருமாற்றத்தின் தடயங்கள் தெளிவாக உள்ளன என்பது அடிக்கடி எழும் மறுப்பு. கற்குழம்பிலிருந்து இறுகிய பாறை பின்னர் உருமாறத் தடையேதுமில்லை. எனவே அது தோற்றத்தைப் பற்றிய மறுப்பே அல்ல.

ஹாலண்டை முழுமையாக மீட்பது என் நோக்கமன்று. அமிலப் பாறை முதல் மீகாரப் பாறை வரை அனைத்தும் ஒரே கற்குழம்பு பிரிந்து உண்டானவை என்ற அவர் கருத்து நிலைக்காது. தீப்பாறை வகைப்பாட்டு அட்டவணையில் சார்னோக்கைட் இடம்பெற்றிருப்பதையும் நான் சான்றாகக் கொள்ளவில்லை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் விகிதங்களையே அது அளக்கிறது. ஆர்த்தோபைராக்சீன் சொல்வது பாறை உலர்ந்த சூழலில் உருவானது என்பதை மட்டுமே. அவ்வுலர்வு குழம்பிலேயே இருந்ததா, உருகலால் வந்ததா, பாய்மத்தால் நேர்ந்ததா என்பதைத் தொடுவரம்புகளும் வேதியியலும் சிர்க்கான் காலக்கணிப்பும் சேர்ந்தே, தொகுதிதோறும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். பல்லாவரத்து அமிலச் சார்னோக்கைட்டைப் பொறுத்தவரை கற்குழம்புத் தோற்றமே முதல் கருதுகோளாக இருக்கத் தக்கது. அதை மறுப்பவர் பல்லாவரத்திலிருந்தே சான்று தர வேண்டும்.