சென்னைப் பல்கலைக்கழக மொழித்துறைகள்

சென்னைப் பல்கலைக்கழக மொழித்துறைகள், காமராசர் சாலையில் கடலைப் பார்த்து அமைந்த மெரினா வளாகத்தில் இயங்கும் ஆய்வுத் துறைகள். தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், அரபு, பாரசீகம், உருது ஆகிய மொழிகளுக்கான இத்துறைகளின் தாய்வீடு 1927இல் உருவான கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். தமிழ்ப் பேரகராதியும் சமஸ்கிருதச் சுவடிகளின் பேரட்டவணையும் இப்பல்கலைக்கழகத்தின் மொழிப்பணியில் முதலிடம் பெறுபவை.

தொடக்கம்

சென்னைக்கு உயர்கல்வி வேண்டும் என்று 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் 1839 நவம்பர் 11 அன்று ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளித்தார். பல்கலைக்கழகம் பிறக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1857 செப்டம்பர் 5 அன்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பின்பற்றி அது நிறுவப்பட்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதுமே பல்கலைக்கழகத்தின் வேலை.

இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. தமிழ் தேர்வுப் பாடமாக இருந்ததே தவிர, அதை ஆராயப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவிகூட இல்லை. முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. அவர் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தமிழின் பழைய இலக்கியத்தை மீட்ட இந்த மாபெரும் பணி தனிமனிதர்களின் உழைப்பிலும் நன்கொடைகளிலும் நடந்தது. பல்கலைக்கழகம் அதில் பங்கு கொள்ளவில்லை என்பது அதன் முதல் ஐம்பதாண்டு வரலாற்றின் பெருங்குறை.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கவும் ஆராயவும் வழிவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பேராசிரியர் பதவிகள் வந்தன. இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், சமஸ்கிருதம், ஒப்பியல் மொழிநூல் துறைக்கு மார்க் காலின்ஸும் பொறுப்பேற்றனர். வரலாற்றுத் துறையில் ஐயங்காருக்குப்பின் 1929இல் வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது.

தமிழ்ப் பேரகராதி

வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியில் ஏறத்தாழ 67,000 சொற்கள் இருந்தன. அதைத் திருத்தி விரிக்க ஜி.யு. போப் முதுமையில் குறிப்புகள் திரட்டினார். 1908இல் அவர் மறைந்தபின் அந்தக் குறிப்புகள் புதிய அகராதித் திட்டத்துக்கு வித்தாயின. 1913இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி ஜே.எஸ். சாண்ட்லர் பதிப்பாசிரியராகி வேலையைத் தொடங்கினார். பின்னர் அலுவலகம் சென்னைக்கு மாறியது.

தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். அட்டையில் பெரிதாகப் பெயர் வராத அப்பணி இல்லாமல் அகராதி இல்லை. 1926இல் பதிப்பாசிரியராக வந்தவர், வழக்கறிஞர் தொழிலிலிருந்து தமிழுக்கு வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை. ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தந்து, பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, நூல்களிலிருந்து மேற்கோள் காட்டி, இன மொழிகளின் சொற்களையும் சேர்க்கும் முறை கடைசிவரை தளரவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவுற்றன. துணைத் தொகுதி 1939இல் வந்தது.

அகராதிக்கு எதிர்ப்பும் இருந்தது. தூய தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டுகிறது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகத் தாக்கினார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு 1974இல் அவர் இயக்குநரானதற்குப் பின்னணி இந்தக் கருத்து மாறுபாடுதான். சொல்மூலங்களில் பேரகராதி சறுக்கிய இடங்கள் உண்டு. ஆனால் மேற்கோள்களைத் திரட்டியதில் அதற்கு ஈடாகத் தமிழில் வேறொன்று இல்லை. பாவாணர் வழியில் செல்பவரும் அதைப் புரட்டாமல் வேலை செய்ய முடியாது.

பிற துறைகள்

சென்னை ராஜதானியில் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் இருந்ததால் நான்கு திராவிட மொழிகளுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் கிடைத்தது. தெலுங்கில் கோராட இராமகிருஷ்ணையா, மலையாளத்தில் சேலனாட்டு அச்சுத மேனன், கன்னடத்தில் மரியப்ப பட் முதலியோர் பணியாற்றினர். கிட்டெலின் கன்னட அகராதியை மரியப்ப பட் திருத்திப் பல்கலைக்கழக வெளியீடாகத் தந்தார். கன்னட நாட்டுக்கு வெளியே, சென்னையில் இது நடந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. அரபுத் துறையின் முகமது உசைன் நயினார், தென்னிந்தியாவைப் பற்றி அரபு நிலவியலாளர்கள் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து 1942இல் நூலாக்கினார். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபின் பிறமொழித் துறைகளுக்கு மாணவர் வரும் நிலப்பரப்பு சுருங்கியது. துறைகள் நின்று நிலைத்தன.

சமஸ்கிருதத் துறை 1935இல் தொடங்கிய புதிய பேரட்டவணை, உலகெங்கும் உள்ள சுவடிகளைப் பட்டியலிடும் முயற்சி. ஜெர்மானியர் ஔஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை வெளியிட்ட மூன்று பகுதிகளை விரிக்கக் கிளம்பிய இத்திட்டத்தின் முதல் தலைமைப் பதிப்பாசிரியர் குப்புசுவாமி சாஸ்திரி, மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இத்திட்டத்தில் பங்குகொண்ட குன்ஹன் ராஜா அடையாறு நூலகத்தோடு தொடர்புடையவர். திட்டத்தைத் தோளில் சுமந்த வே. ராகவன், சுவடி தேடி 1953–54இல் ஐரோப்பிய நூலகங்களை வலம் வந்தார்.

தமிழ்த்துறைக்கு 1936இல் வந்த ரா.பி. சேதுப்பிள்ளை கால் நூற்றாண்டு பணியாற்றினார். தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது 1955இல் அவருடைய ‘தமிழின்பம்’ நூலுக்குக் கிடைத்தது. அவரை அடுத்துத் தலைமையேற்ற மு. வரதராசன், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகும்வரை இங்கிருந்தார். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான ஆங்கில – தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960களில் வந்தது. தமிழில் அறிவியலையும் நிர்வாகத்தையும் எழுதப் புறப்பட்டவர்களின் மேசையில் பல்லாண்டு இருந்த நூல் அது.

ஆசிரியர் கல்வி

ஆசிரியர் பயிற்சி பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே வளர்ந்தது. 1856இல் தொடங்கிய அரசு நார்மல் பள்ளியே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1910இல் அங்கே பயிற்சி பெற்றார்.  2008இல் ஆசிரியர் கல்விக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்ததும், பி.எட். கல்லூரிகள் அதன் பொறுப்புக்குச் சென்றன.

இன்றைய நிலை

பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் அதில் 1939க்குப்பின் பிறந்த சொற்கள் இல்லை. திருத்தப் பதிப்புப் பணி இந்த நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. முதல் பதிப்புக்கு இருபத்தாறு ஆண்டுகளும் நிரந்தரப் பண்டிதர்களின் உழைப்பும் தேவைப்பட்டன. அதே பொறுமையையும் நிதியையும் ஆட்களையும் இந்தத் திருத்தப் பணிக்கும் அரசும் பல்கலைக்கழகமும் தர வேண்டும்.