சான்றும் பழியும்: ஆட்டிச வரலாற்றில் பெற்றோர் குறிப்புகள்

ஆய்வுச்சுருக்கம்

ஆட்டிசம் குறித்த முதல் விரிவான மருத்துவ விளக்கம் பெற்றோர் எழுதித் தந்த குறிப்புகளின்மேல் எழுந்தது. அக்குறிப்புகளே பின்னர்ப் பெற்றோர்க்கு எதிரான சான்றாகவும் வாசிக்கப்பட்டன. இம்முரண் தோன்றிய விதத்தையும் அது தகர்ந்த வழியையும், தகர்ந்த பின்னரும் ஆட்டிசம் உடையோரின் குரல் பிந்தியே கேட்கப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், மதி இறுக்கம், லியோ கானர், பெற்றோர் இயக்கம், சிறப்புக் கல்வி, நரம்பியல் பன்முகத்தன்மை

முன்னுரை

ஆட்டிசத்தைக் குறிக்கத் தமிழில் 'மதி இறுக்கம்' என்ற சொல் வழங்குகிறது. அரசு வழக்கில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரையும் காணலாம். இத்தொடர் அச்சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமானது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர் மனச்சிதைவு பற்றி 1911-இல் வெளியிட்ட நூலில், நோயாளி புறவுலகை விட்டுத் தன்னுள் ஒடுங்கும் நிலையையே ஆட்டிசம் எனக் குறித்தார். ஒடுங்குதல் என்று சொன்னவுடன் எதனிடமிருந்து, யாரிடமிருந்து என்ற வினாவும் எழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை, 'தாயிடமிருந்து' என்பதாகும்.

முப்பத்துமூன்று பக்கக் கடிதம்

1938-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானருக்குத் தட்டச்சில் 33 பக்கங்கள் கொண்ட கடிதம் ஒன்றை அனுப்பினார். அது அவருடைய ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றியது. தனித்திருக்கும்போதே மகிழ்ச்சி கொள்வது, கையில் கிடைப்பவற்றைச் சுழற்றிவிடுவது, கேட்ட பாடலையும் வினாவிடைகளையும் அப்படியே ஒப்பிப்பது ஆகியவற்றை அத்தந்தை நுணுக்கமாகப் பதிவு செய்திருந்தார். அதற்குமுன், மருத்துவ அறிவுரைப்படி அச்சிறுவன் மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டிருந்தான். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின் பெற்றோரே அவனை மீட்டு வந்தனர்.

கானர் 1943-இல் 'நெர்வஸ் சைல்ட்' இதழில் வெளியிட்ட கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அதில் முதலில் இடம்பெறுபவன் டொனால்ட். மருத்துவமனைக்கு வருமுன் குழந்தை எவ்வாறு இருந்தது என்ற செய்திகள் பெரும்பாலும் பெற்றோரின் கடிதங்களிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் பெறப்பட்டவை. அக்குறிப்புகள் இல்லையெனில் அக்கட்டுரை இல்லை எனலாம்.

அக்கட்டுரையின் இறுதிப் பகுதி இரு திசைகளில் இழுபடுகிறது. பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ள இயலாமை பிறவியிலேயே அமைந்தது என்று கானர் முடிவுகட்டுகிறார். அதேவேளை, இப்பெற்றோருள் உள்ளன்பு மிக்கவர் மிகச் சிலரே என்றும் எழுதுகிறார். அவர்கள் தந்த விரிவான நாட்குறிப்புகளையும், குழந்தை எத்தனை பாடல்களைக் கற்றது என்பதை ஆண்டுகள் கழிந்தும் எண்ணிச் சொன்னதையும் பெற்றோரின் மிகைப்பற்று மனநிலைக்கு எடுத்துக்காட்டாக்குகிறார். ஆய்வுக்கு மூலப்பொருளான அதே தாள்கள் இங்கே குற்றச்சான்றாக மாறுகின்றன.

இதிலுள்ள முறையியல் பிழை வெளிப்படையானது. அன்றைய அமெரிக்காவில் தொலைவிலிருந்து பால்டிமோர் வரை வந்து ஒரு நிபுணரைக் காணவும், பல பக்கங்களில் எழுதித் தரவும் கல்வியும் வசதியும் உடையவர்களால்தான் இயன்றது. எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே வடிகட்டி வந்த தொகுதியில் எழுதும் பழக்கத்தையே நோய்க்கூறாகக் கொண்டது அத்தவறு. உயர்கல்வி பெற்ற பெற்றோர்க்கே இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன என்ற கருத்து நெடுங்காலம் நிலைத்ததற்கும் இதுவே காரணம்.

1948-இல் 'டைம்' வார இதழ் இக்குழந்தைகளை உறைபனி படிந்தவர்களாகச் சித்திரித்தது. 1949-இல் கானரே, உறைபனி உருகாத குளிர்பதனப்பெட்டிக்குள் ஒழுங்காக வைக்கப்பட்டவர்களாக இக்குழந்தைகளை உவமித்தார். 'குளிர்பதனப்பெட்டித் தாய்' என்ற தொடர் இவ்வாறு உருப்பெற்றது.

1967: இரு நூல்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்த்தோஜெனிக் பள்ளியை 1944 முதல் நடத்திவந்த புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்' என்ற நூலை வெளியிட்டார். நாசி முகாம்களான டகாவிலும் புகென்வால்டிலும் அடைபட்டிருந்தவர் அவர். முகாமில் நம்பிக்கை இழந்த கைதியின் ஒடுக்கத்தையும் ஆட்டிசக் குழந்தையின் ஒடுக்கத்தையும் ஒரே தன்மையனவாக அவர் கண்டார். இவ்வொப்புமையில் சிறைக்காவலரின் இடம் பெற்றோர்க்கு வாய்த்தது. ஆகவே பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைப்பதே மருத்துவம் எனக் கருதப்பட்டது. அவருடைய முனைவர் பட்டம் உளவியலில் அன்று, மெய்யியலில் பெறப்பட்டது என்ற செய்தியை வாசகர் பலர் அன்று அறிந்திருக்கவில்லை.

அதே 1967-இல் கிளாரா கிளெய்போர்ன் பார்க் எழுதிய 'தி சீஜ்' வெளிவந்தது. ஆங்கில இலக்கியம் கற்பித்த ஒரு தாய் தம் மகளோடு தொடர்பு கொள்ள மேற்கொண்ட அன்றாட முயற்சிகளின் பதிவு அது. முன்னது குழந்தையைக் கோட்டையாகவும் பின்னது வெளியே நிற்கும் தாயின் முற்றுகையாகவும் உருவகம் செய்தன. உருவகங்கள் நெருங்கியவையே எனினும், கானர் ஐயத்தோடு நோக்கிய அந்தப் பெற்றோர்க் குறிப்பு பார்க்கின் கையில் தன் பெயரோடு நூலாக வெளிவந்தது என்பது சிறு மாற்றமன்று.

வினாப்படிவமும் விடுவிப்பும்

இக்கோட்பாட்டுக்கு முதல் பேரடி 1964-இல் விழுந்திருந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்டு ரிம்லண்டின் மகன் மார்க் 1956-இல் பிறந்தவர், ஆட்டிசம் உடையவர். தாயே காரணம் என்பதற்கு ஆதாரம் உண்டா எனத் தேடிய ரிம்லண்ட், அன்றுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 'இன்ஃபன்டைல் ஆட்டிசம்' என்ற நூலை எழுதினார். முன்னுரை வழங்கியவர் கானர். நூலின் இறுதியில் பெற்றோர்க்கான வினாப்படிவம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. பெற்றோர் அதனை நிரப்பி அவருக்கு அனுப்பலாயினர். பெற்றோரின் கூர்நோக்கு மீண்டும் ஆய்வுத் தரவாகியது. 1965-இல் ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசியச் சங்கம் அங்கே தோன்றியது. 1969-இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோராகிய அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். நீதிமன்றச் சொல்லை அவர் தேர்ந்தது பொருத்தமே.

அறிவியல் தீர்ப்பு சற்றுப் பிந்தியது. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் காணப்பட்டது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்தவர்களிடையே தோன்றிய இவ்வேறுபாடு மரபணுவைச் சுட்டியது.

ஆசிரியரும் பெற்றோரும்

பழி நீங்கியபின் செய்யவேண்டியது என்ன என்ற வினாவுக்கு வகுப்பறைகளே விடை தேடின. லண்டனில் மான்டிசோரி பயிற்சி பெற்ற சிபில் எல்கர் 1962-இல் தம் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மகளுக்கு ஆட்டிசம் இருந்த மருத்துவர் லோர்னா விங் உள்ளிட்ட பெற்றோர் அவ்வாண்டே ஒரு சங்கம் அமைத்தனர். 1965-இல் ஈலிங்கில் அச்சங்கத்தின் பள்ளி எல்கரின் தலைமையில் உருவாயிற்று.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஷாப்லரும் நாசி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பிவந்தவரே. சிகாகோவில் பயின்ற அவர், பெட்டல்ஹைமுக்கு நேரெதிரான முடிவை அடைந்தார். 1966-இல் ராபர்ட் ரீக்லருடன் தொடங்கிய திட்டத்தில் பெற்றோர் துணைச் சிகிச்சையாளராயினர். ஒருவழிக் கண்ணாடியின் பின்னிருந்து பயிற்சியைக் கண்ட பெற்றோர், வீட்டில் தாம் செய்வதைப் பின்னர் வல்லுநர்க்குச் செய்து காட்டினர். கண்ணாடிக்குப் பின்னால் அமரும் முறை இங்கே வல்லுநர்க்கும் வந்தது. 1972-இல் மாநிலச் சட்டமன்றம் இதனை 'டீச்' என்ற பெயரில் மாநிலம் தழுவிய திட்டமாக்கியது. என்ன பணி, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்தது என்ன என்பவற்றைப் படங்களாலும் இட அமைப்பாலும் குழந்தைக்குப் புலப்படுத்துவது அதன் மையம். மாற வேண்டியது குழந்தை மட்டுமன்று, அறையும் கால அட்டவணையுந்தான் என்பது இதன் உட்பொருள்.

எஞ்சிய குரல்

பெற்றோர் விடுதலை எல்லா வகையிலும் குழந்தையின் விடுதலையாக அமையவில்லை. கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் 1960-களில் நடத்திய நடத்தைப் பயிற்சியில் அறைதலும் மின்னதிர்ச்சியும் இடம்பெற்றன. அவருடைய முறையைப் பெற்றோரிடையே பரப்பியவர்களுள் ரிம்லண்டும் ஒருவர். 1998-இல் 'லான்செட்' இதழில் 12 குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினரின் கட்டுரை, எண்மரின் பெற்றோர் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தியதைச் சான்றாக முன்வைத்தது. 2010-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் குறிப்பு கண்டதைச் சொல்லும். காரணத்தைச் சொல்லும் தகுதி அதற்குத் தானாக வாய்ப்பதில்லை.

1993-இல் ஆட்டிசம் உடையவரான ஜிம் சின்க்ளேர், தங்களை எண்ணித் துயர்கொள்ள வேண்டா என்று பெற்றோரை நோக்கியே எழுதினார். 1990-களில் இத்தகையோர் இணையவழியும் செய்திமடல் வழியும் வளர்த்த உரையாடலே நரம்பியல் பன்முகத்தன்மை என்னும் கருத்தாக்கம். ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் ஒருவரையே அதன் மூலவராகக் கூறும் வழக்கம் அண்மை ஆய்வுகளில் மறுக்கப்பட்டுள்ளது. அது கூட்டு ஆக்கமாகவே கருதத்தக்கது. இந்தியாவின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999) ஆட்சிக்குழுவில் பெற்றோர் சங்கங்களுக்கு மூன்று இடங்களையும் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களுக்குத் தனியே மூன்று இடங்களையும் ஒதுக்கியது இவ்வகையில் நோக்கத்தக்கது. இருவரும் ஒருவரல்லர் என்பதை அச்சட்டம் ஏற்றிருக்கிறது.

டொனால்டின் பிற்கால வாழ்வைக் கானர் 1971-இல் பதிவு செய்தார். 1942 முதல் அவன் ஃபாரஸ்டை அடுத்த ஒரு பண்ணையில், உழவர் தம்பதியரோடு வாழ்ந்தான். அளப்பதில் அவனுக்கிருந்த தீராத ஆர்வத்தை அவர்கள் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து கூறச் சொன்னார்கள். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தவனை, உழும்போது எண்ணச் செய்தார்கள். அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளி அவனுடைய இயல்புகளை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. படிப்பிலும் அவன் முன்னேறினான். இவற்றைக் கானர் 1945-இல் நேரில் சென்று கண்டிருந்தார். குளிர்பதனப்பெட்டி உவமையை அவர் எழுதியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.