முஸாகாத்தும் களையெடுப்பும்

அரபுக் கல்லூரியில் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஓதிக் கொடுக்கும்போது, முஸாகாத் பாடத்தில் ஒரு சொல் வந்ததும் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பர். ‘ஹஷீஷ்’ என்பதே அச்சொல். இன்றைய பேச்சில் அது போதைப் பொருளின் பெயர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அவ்விடத்தில் கருதியது புல். அதாவது, தோட்டத்துக் களை. புன்னகை அடங்கியதும் அடுத்த வரிக்குச் சென்றுவிடுவதே வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்றோம்.

முஸாகாத் என்பது மரத்துக்கு உரியவரும் உழைப்பவரும் செய்துகொள்ளும் பங்கு உடன்படிக்கை. உழைப்பவர் நீர் பாய்ச்சிப் பேணுவார். கனியில் பேசிய பங்கைப் பெறுவார். கைபர் வெற்றிக்குப் பின் (ஹி. 7 / கி.பி. 628) அண்ணலார் (ஸல்) அவர்கள் அங்கிருந்த தோட்டங்களை, விளைச்சலில் பாதி என்ற அடிப்படையில் யூதர்களிடமே விட்டதே இதற்கு ஆதாரம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இதனை ஏற்கவில்லை. அவர்தம் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஏற்றனர்.

எப்பணி எவர் பொறுப்பு? நவவி (ரஹ்) ஓர் அளவுகோல் தருகிறார். கனியின் நலனுக்காக ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியவை உழைப்பவரைச் சாரும்: நீர் பாய்ச்சுதல், வாய்க்காலைத் தூய்மை செய்தல், பேரீச்சைக்கு மகரந்தம் சேர்த்தல், களை அகற்றுதல். மூலத்தைக் காப்பனவும் ஆண்டுதோறும் வாராதனவும் உரியவரைச் சாரும்: மதில் எழுப்புதல், புதுக் கால்வாய் வெட்டுதல். களையெடுப்பு நீர் பாய்ச்சுதலோடு ஒரே வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை ஒழித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பகையாக ஃபிக்ஹு களையைக் கருதவில்லை. அது மீண்டும் வரும். அகற்றுபவருக்குக் கனியில் பங்கும் உண்டு.

இமாமவர்கள் இதனை ஏட்டளவில் மட்டும் அறிந்தவரல்லர். டமாஸ்கஸின் கனிகளை ஏன் உண்பதில்லை என வினவப்பட்டபோது அவர்கள் தந்த விடையை, அவர்தம் மாணவர் இப்னுல் அத்தார் பதிந்துள்ளார். அங்குள்ள தோட்டங்களில் பல, வக்ஃபுகளுக்கும் பிறர் பொறுப்பில் இருந்தோருக்கும் உரியவை. அவை முஸாகாத்தில் விடப்பட்டன. உரியவருக்கு எழுதப்பட்டதோ ஆயிரத்தில் ஒரு பங்கு!

இனி அந்தலூஸுக்கு வருவோம். டொலேடோவில் அல்மஃமூனின் தோட்டத்தைப் பேணிய இப்னு பஸ்ஸால், 1085இல் அந்நகர் வீழ்ந்தபின் செவில் சென்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னர் அங்கே வாழ்ந்த இப்னுல் அவ்வாம், முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு, ஷரஃப் மேட்டில் தாமே சோதித்தவற்றையும் ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் எழுதினார். இவர்கள் வலியுறுத்திய முறைகளுள் ஒன்று ‘கலீப்’. புரட்டுதல் என்பது அதன் பொருள். விதையிடாத நிலத்தைப் பலமுறை உழுது புரட்டுவர். களையின் வேர் வெயிலில் காயும், மண் இளகும், ஈரமும் சேரும்.

1940களில் 2,4-டி என்னும் களைக்கொல்லி வந்தது. 1974இல் கிளைபோசேட் விற்பனைக்கு வந்தது. களைத் தொல்லை தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர். 1996இல் ஆஸ்திரேலியாவில், கிளைபோசேட்டுக்கு மடியாத ரைகிராஸ் புல் கண்டறியப்பட்டது. 2004இல் அதே ஆற்றலுடைய கொனைசா என்னும் களை ஸ்பெயினின் பழத்தோட்டங்களில் பதிவாயிற்று. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால், அதற்குத் தப்பிய செடியின் விதையே நிலமெங்கும் பரவும். அந்தலூசியாவின் சரிவுகளிலோ, புல்லே இல்லாமல் வைத்த ஒலிவத் தோட்டங்களின் மேல்மண்ணை மழை அரித்துச் செல்கிறது. எனவே, மரவரிசைகளுக்கிடையே புல்லை வளரவிட்டு, உரிய காலத்தில் அறுத்தோ ஆடுகளை மேயவிட்டோ கட்டுப்படுத்தும் முறை இன்று அங்கே பரிந்துரைக்கப்படுகிறது.

மாந்தோப்புக் குத்தகைக்காரர் ஒருவரின் மகன் வகுப்பில் நம்மிடம் கேட்டார்: “உஸ்தாத், களைக்கொல்லி தெளிப்பது யாருடைய பொறுப்பு?” களை அகற்றுவது என்ற அளவில் அது உழைப்பவருடையது என்றோம். ஆனால் மண் கெடுமெனில் விவகாரம் கனியைக் கடந்து மூலத்தைத் தொடுகிறது; எனவே உரியவரின் இசைவின்றித் தெளிக்கலாகாது. இது நம் கருத்தே, ஃபத்வா அன்று. மாமரத்தில் முஸாகாத் செல்லுமா என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் தனி விவாதம். பேரீச்சையிலும் திராட்சையிலும் மட்டுமே கருத்து வேறுபாடு இல்லை.