மொன்றியலில் அடித்த மணி



இம்மாத உரைக்கு ரெஸ்லிங்கை எடுக்கப்போகிறேன் என்றதும் நிலையத்தில் சிரித்தார்கள். "எல்லாம் பொய்ச் சண்டைதானே அண்ணை" என்றார் ஒலிப்பதிவு செய்யும் தம்பி. உண்மைதான். யார் வெல்வது, எப்படி முடிப்பது என்று முன்கூட்டியே திரைமறைவில் தீர்மானிப்பார்கள். அந்தத் தொழிலில் அதற்குப் பெயர் புக்கிங். 1989இல் நியூ ஜேர்சி அரசிடம் டபிள்யூ.டபிள்யூ.எப் நிறுவனமே இது போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காகத்தான்!

ஆனால் 1997 நவம்பர் 9இல் மொன்றியலில் நடந்ததைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

கல்கரியில் பிறந்த பிறெற் ஹார்ட் அப்போது சம்பியன். 1996இல் நிறுவன அதிபர் வின்ஸ் மக்மான் அவருடன் 20 வருட ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு வருடத்துக்குள் பணம் கட்டுப்படியாகாது என்று கைவிரித்து, எதிர் நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூவுக்குப் போகும்படி சொல்லிவிட்டார். கணக்காளனாகிய என் கண்ணில் படுவது ஒப்பந்தத்தின் ஒரு வாசகம்: கடைசி 30 நாட்களில் தன் பாத்திரம் எப்படிப் போகவேண்டும் என்பதில் ஹார்ட்டுக்கு நியாயமான உரிமை உண்டு. அதைக் காட்டித்தான், கனடா மண்ணில் ஷோன் மைக்கல்ஸிடம் தோற்கமாட்டேன் என்றார். கைகலப்பில் சண்டை குழம்பி, வெற்றி தோல்வியின்றி முடியும் என்று மக்மானும் ஒத்துக்கொண்டார்.

மக்மானின் பயத்தையும் சொல்லவேண்டும். 1995 டிசம்பரில் அவருடைய பெண்கள் சம்பியன் எதிர் நிறுவனத்துக்குப் போய், அந்தப் பட்டியைத் தொலைக்காட்சியிலேயே குப்பைத்தொட்டிக்குள் போட்டிருந்தார்.

20,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஹார்ட்டின் பெயர்பெற்ற பிடியையே மைக்கல்ஸ் அவர்மேல் போட்டார். ஹார்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் மேடையருகில் நின்ற மக்மான் மணியை அடிக்கச் சொன்னார். நடுவர் ஏர்ல் ஹெப்னர் சைகை காட்டிவிட்டு ஓடிவிட்டார். இப்படிச் செய்யமாட்டேன் என்று தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தவர் அந்த நடுவர் என்கிறார் ஹார்ட். மக்மானின் முகத்தில் ஹார்ட் துப்பியதும், பிறகு உடைமாற்றும் அறையில் குத்தியதும் புக்கிங்கில் இல்லை. ஹார்ட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த போல் ஜேயின் குழுவினர் அன்று அங்கே நின்றார்கள். ஹார்ட்டின் உடம்பில் ஒலிவாங்கி இருந்தது. மக்மான் உள்ளே கொடுத்த வாக்கு அப்படித்தான் பதிவாகியது. இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்?

அதன்பின் மக்மான் மேடையிலேயே கொடுமைக்கார முதலாளியாக வேடம்கட்டி நன்றாகச் சம்பாதித்தார் என்பது வேறு கதை.

அந்த நேரம் அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தால் வந்தவன் சப்பாத்தும் கழற்றாமல், "மாமா, அந்தாள் தோற்கேல்லை, மணியை அடிச்சுப் போட்டாங்கள்" என்று அழுதான். பொய்ச் சண்டைதானே என்று நானும் அன்று சிரித்தவன்தான்.

2010 ஜனவரி 4இல் ஹார்ட் அதே நிறுவனத்தின் மேடையேறி மைக்கல்ஸைக் கட்டித் தழுவினார். அன்றிரவு மருமகன் தொலைபேசி எடுத்தான்.

"மாமா, அவர் மன்னிச்சிட்டார். நான் இன்னும் மன்னிக்கேல்லை."