சோழமண்டலத்துச் சிறு வாவல்

சங்கப் பாடல்களில் வௌவாலின் பெயர் வாவல். வாவுதல் என்றால் தாவுதல். ‘வௌவால்’ என்ற இன்றைய வடிவத்தைப் பார்த்து, வௌவுதல், அதாவது கவர்தல், என்ற வினையை வேராகக் காட்டுவோரும் உண்டு. எனக்கு வாவல் கட்சியே சரியென்று படுகிறது: மலையாளத்திலும் வாவல் இருக்கிறது, கன்னடத்தில் பாவலி. மீன் சந்தையில் தட்டையான ஒரு மீனுக்கும் இதே பெயர்தான்.

நற்றிணை 87ஆம் பாட்டில் மாமரக் கிளையில் தொங்கி உறங்கும் வாவல், சோழர் நாட்டு அழிசிக் காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவு காண்கிறது. கனவிலும் கனிதான் என்றால் அது பழந்தின்னி வாவல். அந்தியில் தெருவிளக்கைச் சுற்றிப் படபடக்கும் சின்ன உருவம் வேறு சாதி.

அந்தச் சின்ன வகைகளில் ஒன்றை 1838இல் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பார்த்த மாதிரி உடல் புதுச்சேரியிலிருந்து போனது. இன்று அதன் பெயர் பிப்பிஸ்ட்ரெல்லஸ் கோரமாண்ட்ரா. பின்பாதி, ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’ ஆகிப்போன நம் சோழமண்டலம். முன்பாதியின் வழி இன்னும் சுற்று: லத்தீனில் ‘வெஸ்பர்’ மாலைப்பொழுது; அதிலிருந்து ‘வெஸ்பெர்டிலியோ’, மாலையில் வருவது; அது இத்தாலியர் நாவில் தேய்ந்து ‘பிப்பிஸ்ட்ரெல்லோ’. ஆக, அந்தியும் சோழநாடும் ஒரே பெயரில்.

பெயர் நீளம், ஆள் குட்டை. முன்கை எலும்பு 3 சென்டிமீட்டர் அளவுதான். கிராம்பு நிறத்தில் மென்மயிர். அடிப்பக்கம் சற்று வெளிறியிருக்கும். காதின் வாயில் சிறு மடல் ஒன்று நிற்கும். பழந்தின்னிக்கு அது கிடையாது. பகலில் ஓட்டு இடுக்கு, மரப்பட்டை, சுவர் வெடிப்பு என எங்கும் ஒண்டிக்கொள்ளும். இருட்டுமுன்பே கிளம்பி, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியில் இரையின் இடம் அறியும். ஈ, கொசு, சிறகு முளைத்த எறும்பு எதுவானாலும் இரைதான். வாய்க்கு எட்டாததை வால் சவ்வைப் பைபோல் குழித்து அள்ளி, பறந்தபடியே குனிந்து தின்னும். வௌவுதல் கட்சிக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் இன்னும் அழுத்தமாகவே வாதாடியிருப்பார்கள்.

வௌவாலில் ஒரு வகைக்குத் துரிஞ்சில் என்ற சொல்லை அகராதிகள் வைத்திருக்கின்றன. பேச்சில் அது கேட்பதில்லை. பூச்சிதின்னிகளுக்கு அதை எடுத்துக்கொண்டால், வாவலைப் பழந்தின்னிக்கே விட்டுவிடலாம்.