விமானப் பாதைகள் ஏன் திறக்கின்றன, ஏன் மூடப்படுகின்றன? – இலங்கையின் அனுபவம்

விமான சேவை நிறுவனங்கள் வெளியிடும் பாதை வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்போம். கொழும்பிலிருந்து நாலா பக்கமும் கோடுகள் விரிந்து செல்லும். புவியியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், பழைய வரைபடங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டுவது என் வழக்கம். மலையும் ஆறும் இடம் மாறுவதில்லை; இந்தக் கோடுகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தேசிய விமான சேவையை விற்பதா, அரசே வைத்திருப்பதா என்ற விவாதம் அடிக்கடி எழும் நாட்டில், அதற்கான காரணங்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

கூட்டாளிகளின் காலம்

எயார் சிலோன் தனது முதலாவது சேவையை 1947 டிசம்பர் 10 இல் ஆரம்பித்தது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸ். அதுவே நாட்டின் விமான சேவையின் முதல் கோடு. 1949 இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து லண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தது. பின்னர் கேஎல்எம், பிஓஏசி, யூடிஏ என்று கூட்டாளிகள் மாறினர். தூரப் பயணத்துக்கான விமானங்களுக்குப் பிறரை நம்பியிருந்ததால், கூட்டாளி மாறும்போது வரைபடமும் ஆட்டம் கண்டது.

தொழிலாளர் திறந்த பாதை

1979 செப்டெம்பரில் எயார் லங்கா, சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் குத்தகைக்குப் பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களுடன் தொடங்கியது. எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவில் வேலைவாய்ப்புகள் பெருகியிருந்த காலம் அது. கொழும்பையே சரியாகப் பார்த்திராத எமது ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் குவைத்துக்கும் ரியாதுக்கும் போனார்கள். அவர்களுடைய தேவைதான் வளைகுடாக் கோடுகளைத் தடிப்பாக்கியது.

ட்ரான்சிட் கணக்கு

எமிரேட்ஸ் 1985 ஒக்டோபரில், பாகிஸ்தானின் பீஐஏயிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு விமானங்களுடன் கராச்சிக்கும் மும்பைக்கும் பறக்கத் தொடங்கியது. அடுத்த வருடமே கொழும்புக்கு வந்தது. காலப்போக்கில் டுபாய், பயணம் முடியும் இடமாக மட்டுமன்றி விமானம் மாறும் இடமாகவும் ஆனது. பின்னர் டோஹாவும் அபுதாபியும் அதே வழியில் சென்றன.

இதன் கணக்கு எளிது. கொழும்பிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு நேரடியாகச் செல்லும் விமானத்தை, பெரும்பாலும் அந்த இரு பக்கப் பயணிகளைக் கொண்டே நிரப்ப வேண்டும். டுபாயிலிருந்து பிராங்பேர்ட் செல்லும் விமானத்திலோ கொழும்பு, டாக்கா, கொச்சி, நைரோபி என்று பல நகரங்களின் பயணிகள் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். ஆசனம் நிரம்பினால் கட்டணத்தைக் குறைக்கலாம். 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸே எமது தேசிய சேவையை நிர்வகித்தது. நட்டம் தொடர்ந்த நிலையில், ஸ்ரீலங்கன் 2016 இல் பரிஸ், பிராங்பேர்ட் சேவைகளை நிறுத்தியது. பரிஸ் சேவை 2021 இல் மீண்டும் வந்தது.

அனுமதி இல்லையேல் கோடு இல்லை

பயணிகளும் விமானமும் இருந்தால் மட்டும் போதாது. 1944 சிக்காகோ உடன்படிக்கையின்படி, தனது வான்பரப்பின் மீதான இறைமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. எனவே நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் தேவை. 2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கட்டாருடன் உறவை முறித்தபோது, அந்த நான்கு நாடுகளுக்குமான கட்டார் எயார்வேஸின் கோடுகள் ஒரேயடியாக அழிந்தன. டோஹா வழியாக ஜித்தா போகும் வழியும் அடைபட்டது. அது மீண்டும் திறக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விமான நிலையம் மட்டும் போதுமா?

மத்தள விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கிருந்து பயணிக்க ஆட்கள் போதாததால், ஸ்ரீலங்கன் 2015 ஜனவரியில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. பலாலியின் கதை இதற்கு எதிர்மாறானது. போகவும் வரவும் மக்கள் இருந்தும், யுத்தத்தால் பல தசாப்தங்கள் இந்தியாவுக்கான வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 இல்தான் யாழ்ப்பாணம்–சென்னை சேவை திரும்பியது. ஆக, நாட்டின் முதல் பாதையே மிக நீண்ட காலம் மூடிக்கிடந்த பாதைகளில் ஒன்று.

2022 நெருக்கடி இன்னொன்றையும் உணர்த்தியது. கட்டுநாயக்கவில் எரிபொருள் போதாமல், எமது விமானங்கள் தென்னிந்தியாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன.

நாம் கேட்க வேண்டியது

பயணிகள், பொருத்தமான விமானம், அனுமதி, கட்டுப்படியாகும் செலவு ஆகிய நான்கும் சேர்ந்தால் ஒரு கோடு வாழும். ஒன்று அறுந்தாலும் ஆபத்துத்தான்.

தேசிய விமான சேவையின் நட்டம் பற்றிப் பேசும்போது மொத்தத் தொகை மட்டுமே எம் முன் வைக்கப்படுகிறது. பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனம் என்பதால், எந்தப் பாதை உழைக்கிறது, எந்தப் பாதை கௌரவத்துக்காக ஓடுகிறது என்பதைப் பாதைவாரியாகக் கேட்பது எமது உரிமை. வசதியுள்ளவர் ஒரு பாதை மூடப்பட்டால் வேறு டிக்கெட் வாங்கிக்கொள்வார். இரண்டு வருடம் உழைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வரும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்தத் தெரிவு கிடையாது. முதலாளி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டோடு ஏதோ ஒரு ட்ரான்சிட்டில் இரவைக் கழிக்க வேண்டியவர் அவர்தான். சேவையை விற்றாலும் வைத்திருந்தாலும், எந்தக் கோடு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அவரையும் ஒரு பயணியாக எண்ண வேண்டும்.