சூளைக்கொல்லை

தந்தையார் மறைந்தபின் பழைய பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நிலத்தின் நான்கெல்லையில் 'சூளைக்கொல்லைக்குத் தெற்கு' என்றிருந்தது. எங்கள் ஊரில் சூளை எரிந்ததாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏரிக்கரையை ஒட்டிய அந்தக் கொல்லை, சுற்றுப்புற நிலத்தைவிட முழங்கால் அளவு தாழ்ந்து கிடக்கிறது. உழும்போது, உருகிக் கருகிப் பிணைந்த செங்கற்கட்டிகள் கொழுவில் தட்டுகின்றன. பெயர் சொன்னதை மண்ணும் சொல்கிறது.

செங்கல்லை மாட்டுவண்டியில் நெடுந்தொலைவு கொண்டுபோனால் கட்டுபடியாகாது. களிமண்ணும் நீரும் உள்ள இடத்தில், கட்டடத்துக்குப் பக்கத்திலேயே சூளை வைத்தார்கள். பச்சைக்கல்லை அடுக்கி, இடையில் விறகிட்டு, வெளியே சேறு பூசி மூட்டுவார்கள். வேலை முடிந்ததும் நிலம் உழவுக்குத் திரும்பிவிடும். மண்ணெடுத்த பள்ளமும், உடைசல் கொட்டிய மேடும், ஒரு பெயருமே மிஞ்சும். சென்னையின் சூளை, சூளைமேடு என்னும் பெயர்கள் அவ்வாறு மிஞ்சியவை.

பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். செங்கல்பட்டில் செங்கல்லைத் தேடுபவர் ஏமாறுவார். அது செங்கழுநீர்ப்பட்டின் திரிபு என்பதே அறிஞர் பலரின் கொள்கை. தென்மாவட்டங்களில் சூளையைக் காளவாய் என்பார்கள். சுண்ணாம்பு சுடுவதும் காளவாயில்தான். எனவே நிலத்தைப் போய்ப் பார்க்காமல் முடிவுகட்டலாகாது.

சோழர் செப்பேடுகள் சிலவற்றில், பிரமதேயம் பெற்றவர்களுக்குச் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமை தனியே வழங்கப்படுகிறது. எழுதித் தரவேண்டிய உரிமை என்றால், அது எல்லார்க்கும் இருந்ததில்லை என்றுதானே பொருள்? அந்த நினைப்போடு எங்கள் ஊரைச் சுற்றிவந்தேன். பழைய செங்கல் வேலை என்று கண்ணில் பட்டவை பெருமாள் கோயில் மதிலும் அக்கிரகாரத்து வீடுகள் இரண்டும்தாம். சூளைக்கு மண் மிதித்தவர்களின் தெருவில், என் சிறுவயது வரை, கூரை வீடுகளே இருந்தன. சூளை யாருக்காக எரிந்தது என்பதைப் பத்திரம் சொல்லவில்லை, தெருக்கள் சொல்கின்றன.

1858-இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை அமைந்தபின், நிலங்கள் எண்களாயின. பத்திரங்களில் சிறிது காலம் எண்ணும் பெயரும் சேர்ந்தே வந்தன. இன்றைய பட்டாவில் எண் மட்டுமே. இப்போது அதைப் பயிரிடுபவரிடம் கேட்டேன், 'பள்ளக்கொல்லை' என்றார். அவருடைய தாயார் மட்டும் திண்ணையிலிருந்தபடி, "சூளைக்கொல்லைன்னு சொல்லுடா" என்று திருத்தினார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.